எங்கள் வீட்டுப் பேன் தலையில் இல்லை

மதிப்புக்குரிய 'மண்மாமா' அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் கேள்வி பதில் பக்கத்தின் தலையில் 'வாசகர் கடிதங்கள் சுருக்கி வெளியிடப்படும்' என்று போட்டிருக்கிறீர்கள். இதைச் சுருக்கவும் வேண்டாம், வெளியிடவும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து உங்கள் மண்புழுப் பெட்டியில் போட்டுவிடுங்கள். காகிதம் மட்கும் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். மை மட்குமா என்று எழுதவில்லை, அதனால் பென்சிலில் எழுதுகிறேன்.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீங்களும் உங்கள் மண்ணும் மண்ணுக்குள் இருப்பவர்களும் நலமா? இங்கே மண் நலம். மண்ணுக்குள் இருப்பவர்களும் நலம். மண்ணுக்கு வெளியே இருக்கிற நாங்கள் மூன்று பேர்தான் நலமில்லை. நாளைக் காலையில் என் முடியை வெட்டப் போகிறார்கள், இல்லையென்றால் எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள், அதுவும் இல்லையென்றால் இரண்டையும் செய்யப் போகிறார்கள். எல்லாம் நீங்கள் எழுதிய ஒரு பதிலால் வந்தது. உங்களைக் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். குற்றம்தான் சொல்கிறேன், ஆனாலும் அப்படி நினைக்க வேண்டாம்.

என் அப்பா பல் கட்டுகிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், அப்பா அதைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பார். நாள் முழுக்கச் சிரிக்கிற பற்களுக்கு நடுவில் உட்கார்ந்து அலுத்துவிட்டதோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். 'சாப்பிட்டியா', 'படிச்சியா', 'லைட்டை அணை', இந்த மூன்று வசனத்தை வைத்தே என்னை எட்டாம் வகுப்பு வரைக்கும் வளர்த்துவிட்டார். அப்புறம் டாக்டரின் காத்திருப்பு அறையில் யாரோ மறந்து விட்டுப்போன உங்கள் பத்திரிகை அவர் கையில் கிடைத்தது. 'வீட்டுக்குள் உயிர்மண்' என்று நீங்கள் எழுதியிருந்த கட்டுரை. மண் என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம் என்ற வரியை அப்பா அடிக்கோடு போட்டு எங்கள் குடும்பத்துக்குப் படித்துக் காட்டினார். குடும்பமாகிய அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டோம். கொஞ்ச நாளிலேயே என் அறைக்கு ஒரு மரத்தொட்டி வந்தது, அது தனியாக இருக்கிறதே என்று இன்னொன்று வந்தது, இப்போது நான்கு இருக்கின்றன. மேலே விளக்கு, கீழே வைக்கோல், நடுவில் தக்காளி, மிளகாய், கீரை. ஓரமாக நான். கிளறக் கூடாது, மிதிக்கக் கூடாது, ரசாயனம் ஒரு சொட்டு படக் கூடாது என்று நீங்கள் எழுதியதை அப்பா அப்படியே கடைப்பிடிக்கிறார். மண்ணை 'அவங்க' என்றுதான் சொல்வார். 'அவங்களுக்குத் தாகமா இருக்கும்', 'அவங்க தூங்கட்டும்', 'அவங்க மேல கால் படாம நடந்து போ'. என்னை 'ஏய்' என்பார்.

இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். சிக்கல் கீழ் வீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரம்மாதான் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. பெரிய டீச்சர் என்று கூப்பிடுவோம். மற்ற பிள்ளைகளுக்கு மணி அடித்தால் பள்ளிக்கூடம் முடிந்துவிடும், எனக்கு மாடிப்படி வரைக்கும் கூடவே வரும். நாங்கள் குடிவந்த அன்றைக்கே படியில் நின்று சொல்லிவிட்டார்: "ஆணி அடிக்கக் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது, மண்ணு கொண்டுவரக் கூடாது. முன்னாடி இருந்தவங்க தொட்டி வச்சுத் தண்ணி ஊத்தி, என் வீட்டுக் கூரையில உலகப் படம் வரைஞ்சுட்டுப் போயிட்டாங்க. இனி ஒரு பிடி மண்ணு மேல ஏறினா, நீங்க கீழ இறங்கணும்."

அதனால் மண் எங்கள் வீட்டுக்குப் பல் செட் டப்பாவில் வந்தது. அப்பா தினமும் சாயந்திரம் இரண்டு டப்பா கொண்டுவருவார். அம்மாவின் சாப்பாட்டு டப்பா காலையில் சோறாகப் போய் இரவில் தொழுவுரமாகத் திரும்பி வரும். என் ஜியாமெட்ரி பெட்டியில் கோணமானி இருக்க வேண்டிய இடத்தில் மண்புழு இருந்தது. ஒருநாள் படியில் பெரிய டீச்சர் என் பையைத் தொட்டுப் பார்த்து, "என்னம்மா இவ்வளவு கனம்?" என்றார். "படிப்பு டீச்சர்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலைக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார்.

முதலில் மண்ணிலிருந்து சின்னச் சின்னக் கறுப்பு ஈ கிளம்பியது. அப்பா உங்களுக்கு எழுதினார். மேல்மண்ணைக் கொஞ்சம் காயவிடு, மஞ்சள் நிறத்தில் ஒட்டு அட்டை தொங்கவிடு என்று பதில் போட்டீர்கள். உங்கள் பதில் என்றால் எங்கள் வீட்டில் சட்டம். அப்பா வீடு முழுக்க அட்டையைத் தொங்கவிட்டார். ஈ ஒட்டியது, உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் அம்மா ஒட்டிக்கொண்டார். அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர். விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவர் முதுகில் ஒரு மஞ்சள் அட்டையோடு போய், நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்து அறிவித்துவிட்டு வந்திருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ புது அடையாள அட்டை போலிருக்கிறது, நமக்கு எப்போது கொடுப்பார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். ஒலிபெருக்கிக் குரல் வந்துவிடும். "வீட்டில் இருப்போர் கவனத்துக்கு. மஞ்சள் அட்டையை மாட்டியவர் எங்கிருந்தாலும் உடனடியாகச் சமையலறைக்கு வரவும். மீண்டும் அறிவிக்கிறோம்." அப்பா வந்தார். சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஈ அடங்கியது, பேன் வந்தது. அதாவது இலைப்பேன். மிளகாய் இலையில் வெள்ளிக் கம்பியால் கீறிவிட்ட மாதிரிக் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளி. மறுபடி உங்களுக்குக் கடிதம், மறுபடி உங்கள் பதில்: வேப்பெண்ணெயையும் சோப்பையும் தண்ணீரில் கரைத்து, விளக்கை அணைத்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கவும், நீல அட்டை தொங்கவிடவும், அதற்கும் அடங்காவிட்டால் பேனைத் தின்னும் பூச்சியை வாங்கி விடவும், ஆனால் எண்ணெய் அடிப்பதை நிறுத்திவிட்டு விடவும், இல்லாவிட்டால் நல்லதும் சேர்ந்து செத்துவிடும். அப்பா ஒன்றையும் விடவில்லை. வேப்பெண்ணெய் வாடை இருக்கிறதே மாமா, அது அடிக்கிற இடத்தோடு நிற்பதில்லை. இலையில் அடித்தால் திரைச்சீலைக்குப் போனது, அங்கிருந்து என் தலையணைக்கு, தலையணையிலிருந்து என் தலைக்கு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பெயர் ரேடியோ, காதில் விழுந்ததை ஒலிபரப்பாமல் அவளால் இருக்க முடியாது. அவள் தினமும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னடி இது, நீ பொண்ணா மரமா?" என்பாள்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும்: எனக்கு அந்த வாடை பிடித்திருந்தது. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருவார். நான் டார்ச் பிடிப்பேன். இலையைத் திருப்பாமல் கண்ணாடியை அடியில் விட்டுப் பார்ப்பார். "மேல் தாடை சுத்தம். கீழ் தாடையில நாலஞ்சு பேர் ஒளிஞ்சிருக்காங்க. வெளிச்சத்தை இப்படிக் காட்டு" என்பார். நானும் பார்ப்பேன். யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி. அப்பாவும் நானும் பேசிக்கொண்டது அந்த நேரத்தில்தான், பேனைப் பற்றி மட்டும்தான். சாப்பிடும்போது அம்மா கேட்பார், "இன்னிக்குப் பேன் எப்படி?" "நேத்தைக்குக் குறைச்சல்." "மிளகாய்ல?" "மிளகாய்ல ஜாஸ்தி." இலை என்ற வார்த்தை எங்கள் வீட்டில் எப்போது உதிர்ந்தது என்று எங்களுக்கே தெரியாது.

பேனைத் தின்னும் பூச்சி ஒரு குழாயில் உமியோடு உமியாக வந்தது. பச்சை இறக்கைப் பூச்சியின் குஞ்சாம். அம்மா அதைப் பார்த்ததும் 'முதலைக்குட்டி' என்று பெயர் வைத்துவிட்டார், ஏனென்றால் அது அப்படித்தான் இருக்கிறது. நீள உடம்பு, முன்னால் குறடு மாதிரி இரண்டு கொம்பு. பேனைக் கவ்வித் தூக்கி, உறிஞ்சிவிட்டு, வெறும் தோலைத் தூக்கிப் போட்டுவிடும். முதல் பேனை அது பிடித்தபோது அப்பா சிரித்தார். அப்பாவுக்கும் பல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்கு விளக்கை அணைக்கவே மனசு வரவில்லை எங்களுக்கு.

மறுநாள், அதாவது இன்றைக்கு, கணக்கு வகுப்பில் தூங்கிவிட்டேன்.

கணக்கு டீச்சர் நல்லவங்க, அதனாலதான் இவ்வளவும் நடந்துச்சு. கெட்டவங்களா இருந்தா வெளியே நிக்க வச்சிருப்பாங்க, கதை முடிஞ்சிருக்கும். அவங்க என்கிட்ட வந்து குனிஞ்சு, "என்னம்மா, ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டாங்க. நான் பாதித் தூக்கத்தில் எழுந்து நின்று, "இல்லை டீச்சர், அப்பாவும் நானும் பேன் பார்த்துட்டு இருந்தோம்" என்றேன்.

ரேடியோ பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"அப்பாவா பார்த்தாரு?"

"ஆமா டீச்சர். அவர் கண்ணாடி வச்சுப் பார்ப்பார். நான் டார்ச் அடிப்பேன்."

"டார்ச் எதுக்கும்மா?"

"அடியில ஒளிஞ்சுக்கும் டீச்சர். வெளிச்சம் பட்டாத்தான் ஓடும்."

டீச்சர் உதவி செய்யப் பார்த்தாங்க. "வேப்பெண்ணெய் போட்டுப் பார்த்தீங்களா?"

"ரொம்ப நாளா அடிச்சோம் டீச்சர், அடங்கலை. அதான் அதைத் திங்கிறதுக்கு வேற பூச்சி வாங்கி விட்டிருக்கோம்."

"எங்க விட்டிருக்கீங்க?"

"எல்லா இடத்துலயும்."

ரேடியோ பெஞ்சிலிருந்து கீழே விழுந்தாள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு முழுசாக விழிப்பு வந்தது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் கேட்டது. 'டீச்சர், தலைப்பேன் இல்லை, இலைப்பேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த இலை என்று கேட்பாங்க. மிளகாய் இலை என்று சொல்லணும். செடி எங்கே என்று கேட்பாங்க. மாடியில, என் ரூம்ல, மண்ணுல என்று சொல்லணும். மண்ணு என்றால் பெரிய டீச்சர் காதுக்குப் போகும், நாங்க கீழ இறங்கணும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இடைவேளை மணி அடிப்பதற்குள் ரேடியோ எல்லா வகுப்புக்கும் ஒலிபரப்பி முடித்துவிட்டாள். எனக்குக் கிடைத்த ஒரே லாபம், தண்ணீர்க் குழாயில் எனக்கு முன்னால் வரிசையே இல்லை.

அப்புறம் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்து, ஒரு கையில் அடிக்கோலும் ஒரு கையில் பென்சிலுமாகத் தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாங்க. வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் ஒன்றும் இல்லை. உச்சியில் இல்லை, பிடரியில் இல்லை. "என்னடி இது, கண்ணாடி மாதிரி இருக்கு உன் தலை? ஒரு ஈர் கூட இல்லையே!" என்றாங்க. தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் மாமா, என் காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. தோள் வழியாக இறங்கி, கை வழியாக நடந்து, பெரிய டீச்சர் மேஜை மேல் போய் நின்றது. எங்கள் வீட்டு முதலைக்குட்டி. தலையணையிலிருந்து தொற்றிக்கொண்டு வந்திருக்கும். மேஜை மணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொம்பை விரித்து விரித்து மூடியது.

"இது என்ன?"

வேறு என்ன சொல்வது? "பேன் டீச்சர்."

"இதுவா? நான் பார்க்காத பேனா? இதுக்குக் கொம்பு இருக்குதே!"

"பெரிய பேன் டீச்சர்."

"வீட்டுல என்னடி தீனி போடறீங்க இதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே பெரிய டீச்சர் அதைத் தட்டிவிட விரலை நீட்டினாங்க. அது கடித்துவிட்டது. பெரிய டீச்சர் 'ஆ' என்று கத்தியது விளையாட்டுத் திடல் வரைக்கும் கேட்டதாம். அடுத்த நொடி அடிக்கோல் இறங்கியது. முதலைக்குட்டி போய்விட்டது. எத்தனை பேனைத் தின்ன வேண்டியது, பாவம்.

விரலை வாயில் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாங்க. நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், முடி வெட்டுகிற அம்மாவையும் மருந்து அடிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு மேலே வருவாங்களாம். என் முடியைக் காது வரைக்கும் வெட்டுவாங்களாம். எல்லா ரூமிலும் மூலை மூலையாக மருந்து அடிப்பாங்களாம், பாச்சை பல்லி எதுவும் மிஞ்சாத மருந்தாம். "உன் தலை என் பள்ளிக்கூடத்துது. அந்த வீடு என்னுது. ரெண்டையும் ஒரே நாள்ல சுத்தம் பண்ணிடறேன்" என்றாங்க.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: "கடிச்சது நம்ம முதலைக்குட்டியா? இப்ப எங்க இருக்கு?"

"செத்துடுச்சு."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "பொண்ணு தலையை வெட்டப் போறாங்கங்கிறா, நீங்க பூச்சிக்குத் துக்கம் கொண்டாடறீங்களா?"

"தலையை இல்லை, முடியை. மருந்து அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? புழு, பூஞ்சை, கண்ணுக்கே தெரியாததுங்க, எல்லாம் போயிடும். எத்தனை நாள் ஆச்சு அவங்களை இந்த நிலைக்குக் கொண்டுவர! முடின்னா வளரும். முடி உயிரில்லாத பொருள். மண்ணு உயிருள்ள பொருள்."

"அப்ப இவ எந்தப் பொருள்?"

அப்பா வாயைத் திறந்தார். நான் பதிலுக்குக் காத்திருந்தேன். பல் தெரிந்தது, உடனே மூடிக்கொண்டு பக்கத்துத் தொட்டியில் ஈரம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார்.

"நான் கீழ போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்று அம்மா செருப்பைப் போட்டார்.

"சொன்னா வீட்டைக் காலி பண்ணணும்."

"பண்ணுவோம்."

"இவங்க எல்லாரையும் தூக்கிட்டு எங்க போறது?" இவங்க என்றால் நாங்கள் இல்லை மாமா, தொட்டிகள்.

"கல்யாணம் ஆனதிலேருந்து உங்களைத் தூக்கிட்டுத் திரியறேனே, இவங்க என்ன உங்களைவிடக் கனமா?" என்றார் அம்மா. ஆனாலும் செருப்பைக் கழற்றினார். அம்மா வேலைக்குப் போகிற ரயில் நிலையமும் என் பள்ளிக்கூடமும் இரண்டுமே நடந்து போகிற தூரத்தில் இருக்கிற வீடு இது ஒன்றுதான்.

சரி, தொட்டிகளை ஒளித்து வைத்துவிடலாம் என்று முடிவானது. குளியலறைக்குள் இழுத்தோம். நகரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து தள்ளியபோது, யானையை மிதித்த மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. உடனே கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தாங்க. "மேல என்ன சத்தம்?" "கட்டிலை நகர்த்தறோம் டீச்சர்!" என்று அம்மா ஒலிபெருக்கிக் குரலில் பதில் சொன்னார். சொல்லிவிட்டதால் அதைக் கட்டிலாகவே மாற்றிவிடலாம் என்று அப்பாவுக்கு யோசனை வந்தது. செடியை மட்டும் மேலாக வெட்டிவிட்டு, நான்கு தொட்டியையும் சேர்த்து மேலே மெத்தை போட்டு, அதன் மேல் என்னைப் போட்டுப் போர்த்திவிட்டால் போதும், உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு வந்தார். தக்காளிச் செடிக்கு முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். என் முடியை வெட்டச் சரி என்று சொன்னவருக்குத் தக்காளியை வெட்டக் கை வரவில்லை. கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு, பையிலிருந்து குட்டிக் கண்ணாடியை எடுத்தார்.

"ஏய். டார்ச்சை எடு. கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்."

பார்த்தோம். மிளகாயில் பார்த்தோம், தக்காளியில் பார்த்தோம், பூவுக்குள்ளே பார்த்தோம். "மேல் தாடை சுத்தம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கீழ் தாடையும் சுத்தம்" என்றார். ஒரு பேன் கூட இல்லை மாமா. உங்கள் முறை பலித்துவிட்டது, வாழ்த்துகள். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் குதித்திருப்போம், கீழேயிருந்து துடைப்பக் கட்டை இடித்திருக்கும். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், "உனக்கு முடின்னா ரொம்பப் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

"அப்படியா" என்றார். "எனக்குத் தெரியாது." அப்புறம் போய்விட்டார்.

அந்த 'எனக்குத் தெரியாது'தான் எனக்குத் தாங்கவில்லை. பேன் இல்லாத ஒரு விஷயத்தை அப்பா என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. மண்ணு போய்விட்டால் அப்பா மறுபடி மூன்று வசனத்துக்குத் திரும்பிப் போய்விடுவார். நான் யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு அவங்க படியேறி வரும்போது நான் வாசலிலேயே நிற்க வேண்டும், முடி இல்லாமல். 'வெட்டியாச்சு டீச்சர், எல்லாம் போயிடுச்சு, உள்ளே வரவே வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். தலை இவ்வளவு சுத்தமாக இருந்தால் எதற்கு மருந்து அடிக்கப் போறாங்க? அப்பா வைத்துவிட்டுப் போன கத்தரிக்கோல் இங்கேயேதான் இருந்தது. பிளாஸ்டிக் பல்லுக்குச் சட்டம் வெட்டுகிற கத்தரிக்கோல். நல்ல கூர். இடது பின்னல் போய்விட்டது மாமா. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். வலது பின்னல் இன்னும் இருக்கிறது, அதை வெட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வெட்டியதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கீரைத் தொட்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். முடியும் மண்ணுக்கு உரம், மெதுவாக மட்கும் என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அது ரப்பர் பேண்டோடு இருந்தால் பரவாயில்லையா?

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அப்பா நீங்கள் சொன்னால் கேட்பார், வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார். அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். பேன் ஒழிந்த பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது டார்ச் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும் என்று. காரணம் எதாவது போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத காரணமா?

உங்கள் தொட்டிகள் செழிக்கட்டும். உங்கள் புழுக்கள் பெருகட்டும். உங்கள் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தற்சமயம் ஒற்றைப் பின்னலோடு இருக்கும்,
உங்கள் வாசகரின் மகள்

பி.கு.: மாமா, மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். கிழிக்க வேண்டாம், அப்பாவுக்கு எழுத வேண்டாம், முதலில் எனக்குப் பதில் போடுங்கள். வெளிக்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் வந்திருக்கிறார். நாளைக்கு வர வேண்டியவர் இப்போதே வந்துவிட்டார், ஆனால் அவங்க பேசுவது அவங்க குரல் மாதிரியே இல்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

"பொண்ணு தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா டீச்சர்" என்று அம்மா.

"நல்லது. நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம். யாருக்குமே தெரிய வேணாம். நாளைக்கு மருந்து அடிக்க வேணாம்னு சொல்லிட்டேன். முடி வெட்டற அம்மாவையும் வரவேணாம்னுட்டேன். அவ தலையை நான் பார்த்தேனே, ஒண்ணு கூட இல்லை. யோசிச்சுப் பார்த்தா, கடிச்சுதே, அதுதானே எல்லாத்தையும் தின்னு தீர்த்திருக்கு? தெரியாம அதை நசுக்கிட்டேன்."

"பரவாயில்லை டீச்சர்" என்று அம்மா. வேறு என்ன சொல்வார்?

"இத்தனை பிள்ளைங்க தலையைப் பார்க்கிறேன். எனக்கு வராம இருக்குமா? எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. தலைமையாசிரியை தலையை யார்கிட்டப் போய் நீட்டுறது, சொல்லுங்க? எனக்கு அந்தப் பூச்சி கொஞ்சம் கொடுங்க. நானே தலையில விட்டுக்கறேன்."

அம்மாவின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது போலிருக்கிறது. ஆனால் அப்பா பேசுகிறார் மாமா. வெளி ஆளிடம் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "கொஞ்சம் போதாது டீச்சர், உங்களுக்கு அடர்த்தியான முடி. நிறைய மீதம் இருக்கு, உள்ள ரூம்லதான் இருக்காங்க. வாங்க, நீங்களே பார்த்து எடுத்துக்கங்க."

உள்ள ரூம் என்றால் இதுதான்! அப்பாவுக்குப் பூச்சி என்று யாராவது கேட்டால் போதும், எல்லாம் மறந்துவிடும். விளக்கு எரிகிறது, நாலு தொட்டி இருக்கிறது, எனக்கு ஒரு பின்னல்தான் இருக்கிறது, நாளைக்கு யாரும் வெட்ட வருவதாகவே இல்லையாம். அவசரக் கேள்வி மாமா, இலைப்பேனைத் தின்கிற பூச்சி தலைப்பேனையும் தின்னுமா? தின்னாது என்றால் தயவுசெய்து தின்னும் என்று பதில் போடுங்கள், நாங்கள் இந்த வீட்டில் இருப்பது அதில்தான் இருக்கிறது. இரண்டாவது கேள்வி, ரப்பர் பேண்டோடு புதைத்த பின்னலை எடுத்து மறுபடியும்

தட்டுகிறார்கள். "கண்ணு, முழிச்சிருக்கியா? நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேல்ல? கதவைத் திறம்மா, பெரிய டீச்சர்தான்"